ஆளில்லாத அறைக்காகச் செய்த கூடு: வன்தட்டு, வெக்கை, சத்தம்

எங்கட வயதுக்காரர் கனபேர் இப்ப வீட்டில ஒரு சின்னச் சேர்வர் வைச்சிருக்கினம். பழைய ஒஃபிஸ் கணினி ஒன்று, அதுக்குள்ள மூன்று நாலு வன்தட்டு, இலவச மென்பொருள் ஒன்று. குடும்பப் படங்கள், அப்பம்மாவின் குரல் பதிவுகள், ஸ்கான் பண்ணின பழைய சஞ்சிகைகள், கம்பஸ் நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். மாதாமாதம் டொலரில் காசு கட்டி எங்கேயோ இருக்கிற ஒரு கணினியில் வைப்பதை விட, கைக்கெட்டும் தூரத்தில் சொந்தமாக வைத்திருப்போம் என்று நினைக்கிறவர்கள்.

சேர்வர் கொஞ்சம் வளர்ந்ததும் அடுத்து வாங்க ஆசைப்படுவது ஹொட் ஸ்வொப் கூடு. கணினியின் முன்பக்கத்தில் பூட்டுகிற ஒரு உலோகப் பெட்டி. அதுக்குள்ள நாலைந்து லாச்சி. ஒவ்வொரு லாச்சியிலும் ஒரு வன்தட்டு. கணினியை நிறுத்தாமலே ஒரு லாச்சியை இழுத்து, பழுதான தட்டைக் கழற்றி, புதியதைச் செருகலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். வாங்கிப் பூட்டி இரண்டு கிழமையில் பிரச்சினை தொடங்கும். கூட்டின் பின்னாலுள்ள சின்ன ஃபான் இரவிரவாகக் கத்தும். ஃபானின் வயரைக் கழற்றினால் தட்டுகள் கொதிக்கும். முதலில் இரவில் மட்டும் சேர்வரை நிப்பாட்டுவார்கள். பிறகு பகலிலும் போடுவதில்லை. கடைசியில் அது அலுமாரிக்கு மேல தூசி பிடிச்சுக் கிடக்கும், உள்ளே இருக்கிற குரல்களோடு சேர்த்து.

அதனால் சத்தத்தைச் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்க ஏலாது. வீட்டில் சத்தம் போடுகிற இயந்திரம் கன நாளைக்கு ஓடாது. ஓடாத சேர்வர் எதையும் பாதுகாக்காது. அப்படியென்றால் இந்தக் கூடு ஏன் இவ்வளவு வெக்கையும் சத்தமுமாக இருக்கிறது? மலிவான தயாரிப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விலை கூடியதும் கத்தத்தான் செய்கிறது. காரணம் அதன் வரலாற்றில் கிடக்கிறது என்பது எங்கட எண்ணம். மனிசர் நித்திரை கொள்ளாத அறைக்காகச் செய்த சாமானை நாங்கள் வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கிறோம்.

ஒரு தொன் எடையில் தொடங்கியது

1956 செப்டெம்பரில் ஐபிஎம் நிறுவனம் ரமாக் என்ற கணினியை அறிவித்தது. அதனோடு வந்த ஐபிஎம் 350தான் விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ரெய்னோல்ட் ஜோன்சனின் தலைமையில் செய்யப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில், நிமிடத்துக்கு 1200 தரம் சுற்றின. கிட்டத்தட்ட ஒரு தொன் எடை. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 மெகாபைற்றுக்கும் குறைவு, கைத்தொலைபேசியில் எடுக்கிற ஒரு படத்தின் அளவு.

அந்த இயந்திரத்துக்கும் காற்றில்லாமல் முடியவில்லை. எழுதி வாசிக்கும் தலை தட்டில் முட்டாமல் இருக்க, கொம்பிரசர் வைத்து அமுக்கிய காற்றை ஊதினார்கள். 1961 இல் வந்த ஐபிஎம் 1301 தான் அந்தக் கொம்பிரசரை இல்லாமல் செய்தது. சுழலும் தட்டு தன்னோடு இழுத்து வரும் காற்றிலேயே தலை மிதந்தது. இன்றைக்கும் எங்கட வன்தட்டுக்குள் நடப்பது அதேதான்.

கழற்றி மாற்றும் பழக்கமும் அந்தக் காலத்ததுதான். 1962 இல் ஐபிஎம் 1311 வந்தது. அதில் இருந்த ஆறு தட்டுகளையும் ஒரு மூடிக்குள் வைத்து அப்படியே கையால் தூக்கி எடுக்கலாம். எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. காலையில் சம்பளக் கணக்குத் தட்டு, பின்னேரம் களஞ்சியக் கணக்குத் தட்டு என்று மாற்றிப் போடுவார்கள். ஆனால் அதற்குச் சுழற்சியை நிறுத்த வேண்டும். தூசியும் உள்ளே போகும். 1973 இல் வின்செஸ்ரர் என்ற பெயரால் அறியப்பட்ட ஐபிஎம் 3340 இல் தட்டையும் தலையையும் ஒன்றாக அடைத்து மூடினார்கள். தூசிப் பிரச்சினை தீர்ந்தது. அதோடு தட்டை மட்டும் தனியாகக் கழற்றும் வழக்கம் மெல்ல நின்றது. அதன் பிறகு மாற்றுவதென்றால் முழுச் சாமானையும்தான் மாற்ற வேண்டும்.

இந்த இயந்திரங்கள் எல்லாம் தனியான அறைகளில் இருந்தன. குளிரூட்டி ஓடும், கதவு பூட்டியிருக்கும். சத்தம் யாரையும் கரைச்சல் படுத்தவில்லை.

நிற்கக் கூடாத வேலைகள்

ஹொட் ஸ்வொப் என்ற யோசனையை வளர்த்தவை வங்கிகள் போன்ற, ஒரு நிமிடமும் நிற்க முடியாத இடங்கள். 1974 இல் தொடங்கிய ரன்டெம் என்ற அமெரிக்க நிறுவனம், எந்தப் பகுதி பழுதானாலும் நிற்காத கணினி என்று சொல்லியே தன் இயந்திரத்தை விற்றது. முதலாவது இயந்திரம் 1976 இல் சிற்றிபாங்க் வங்கிக்குப் போனது. எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். பழுதானதைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம். ஆனால் அதற்கான விலையை வங்கிகளால்தான் கொடுக்க முடிந்தது.

அதை மலிவாக்கியது ஒரு கணக்கு. கலிஃபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகிய மூவர் 1987 இல் எழுதி 1988 இல் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அது. பெரிய கணினிகளுக்கான ஒரு பெரிய விலையுயர்ந்த வன்தட்டுக்குப் பதிலாக, சாதாரண மேசைக் கணினிகளுக்கான சின்ன வன்தட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பாவிக்கலாமா என்று கேட்டார்கள். வேகம் கூடும், விலை குறையும். ஆனால் ஒரு சின்னத் தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பழுதாகும் என்றால், 100 தட்டுகள் சேர்ந்த கூட்டத்தில் 300 மணித்தியாலத்துக்கு ஒன்று பழுதாகும். இரண்டு கிழமை கூட இல்லை. அதனால்தான் ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் முறைகளைச் சொன்னார்கள். ரெய்ட் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

இந்தக் கணக்குக்குள்ளே ஹொட் ஸ்வொப் கூட்டின் தேவை ஒளிந்திருக்கிறது. மலிவான தட்டுகளைக் கூட்டமாக வைத்தால், பழுது என்பது எப்போதாவது வரும் விபத்தல்ல, கிழமை வேலை. ஒவ்வொரு தரமும் கணினியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஆணி திருகிக் கொண்டிருக்க ஏலாது. ஆகவே தட்டு முன்பக்கத்திலிருந்து லாச்சி போல வர வேண்டும். வயர் இருக்கக் கூடாது. பின்னால் ஒரு சுற்றுப்பலகை நிற்கும். தட்டைத் தள்ளினால் மின்சாரமும் தரவும் ஒரே நேரத்தில் அந்தப் பலகையில் பொருந்தும்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் தீப்பொறி பறக்காதா? அதற்கு எளிமையான ஒரு வழி கண்டார்கள். பிளக்கில் உள்ள ஊசிகளை ஒரே நீளத்தில் வைக்கவில்லை. நிலத்தொடுப்பு ஊசி நீளமானது, அது முதலில் தொடும். அதன் பிறகுதான் மற்றவை. கழற்றும்போது நிலத்தொடுப்புக் கடைசியாக விடுபடும். 1990களின் சேர்வர்களில் பாவித்த 80 ஊசிப் பிளக்கிலும் இது இருந்தது. 2003 அளவில் சாதாரணக் கணினிகளுக்கு வந்த சாட்டா பிளக்கிலும் இருக்கிறது. உங்களிடம் ஒரு சாட்டா வன்தட்டோ எஸ்எஸ்டியோ இருந்தால், அதன் மின் பிளக்கை வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கோ, சில தகடுகள் மற்றவற்றை விட முன்னுக்கு நீண்டிருக்கும். வங்கிக்காகப் பிறந்த வசதி, எங்கட கைக்கு வந்த மலிவு வன்தட்டில் சத்தமில்லாமல் சேர்ந்து வந்துவிட்டது.

பிளொப்பியின் அளவுக்குள் அகப்பட்டது

வெக்கை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், பாதிப் பதில் பிளொப்பி டிஸ்க்.

1976 இல் ஷுகார்ட் என்ற நிறுவனம் ஐந்தேகால் அங்குலப் பிளொப்பி இயக்கியைச் செய்தது. அதன் அகலம் ஐந்தேமுக்கால் அங்குலம், உயரம் மூன்றேகால் அங்குலம். நிறுவனத்தைத் தொடங்கிய அலன் ஷுகார்ட் பிறகு சீகேற் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1980 இல் சீகேற் கொண்டு வந்த 5 மெகாபைற் வன்தட்டு அதே பிளொப்பியின் அளவில் செய்யப்பட்டது, அந்த இடத்தில் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்காக. பிறகு பாதி உயரமுள்ள இயக்கிகள் வந்தன. 41.3 மில்லிமீற்றர் உயரம். சிடி, டிவிடி இயக்கிகளும் இதே பாதி உயர அளவுதான். பழைய கணினிப் பெட்டிகளின் முன்பக்கத்தில் இருக்கும் அந்த அகலமான வாய்கள் 1976 இன் பிளொப்பி விட்டுப் போன இடம்.

இதற்கிடையில் 1983 இல் ஸ்கொட்லாந்தின் ரொடைம் நிறுவனம் மூன்றரை அங்குல வன்தட்டைக் கொண்டு வந்தது. இன்று நாங்கள் வாங்கும் பெரிய வன்தட்டுகளும் அந்தக் குடும்பம்தான். 101.6 மில்லிமீற்றர் அகலம், 26.1 மில்லிமீற்றர் உயரம்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. மூன்று டிவிடி இடங்களில் ஐந்து வன்தட்டு வைக்கிற கூட்டில், தட்டுகளை நிமிர்த்திப் பக்கத்துப் பக்கமாக அடுக்குவார்கள். ஐந்து தட்டு 130.5 மில்லிமீற்றர். இருக்கிற அகலம் 146. மிச்சம் பதினைந்தரை. அதற்குள் கூட்டின் தகடு, லாச்சிகளின் கரைகள் எல்லாம் வர வேண்டும். காற்றுக்குக் கிடைப்பது தட்டுக்குத் தட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடுக்கு. இரண்டு டிவிடி இடங்களில் மூன்று தட்டுப் படுக்க வைத்தால் இன்னும் மோசம். 82.6 இல் 78.3 போக மிச்சம் 4.3 மட்டும். மூன்று இடங்களில் நாலு தட்டுப் படுக்க வைத்தால் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் மிஞ்சும். ஒரே இடம், ஒரு தட்டுத்தான் வித்தியாசம், ஆனால் காற்றின் வழி வேறு.

இதோடு முன்பக்கத்தில் லாச்சிக் கதவு, பூட்டு, கைபிடி. பின்பக்கத்தில் முழுச் சுவராக நிற்கும் சுற்றுப்பலகை, அதில் சில ஓட்டைகள். காற்று முன்னால் புகக் கஷ்டப்பட்டு, இடுக்கில் நெருக்குப்பட்டு, பின்னால் வெளியேற வழி தேட வேண்டும். அதை இழுத்தெடுக்க ஃபான் வேகமாகச் சுற்ற வேண்டும்.

ஃபானின் விதி

ஃபான்களுக்குச் சில பழைய விதிகள் இருக்கின்றன. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் அளவு இரட்டிப்பாகும், அமுக்கம் நாலு மடங்காகும், தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். மறுபக்கம் பார்த்தால், வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகத்தான் குறையும், ஆனால் சத்தம் 15 டெசிபல் இறங்கும். அமைதியான கணினி செய்கிறவர்களின் முழு வித்தையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது: பெரிய ஃபான், மெதுவான வேகம். 120 மில்லிமீற்றர் ஃபானின் பரப்பு 80 மில்லிமீற்றர் ஃபானின் பரப்பை விட இரண்டேகால் மடங்கு.

சேர்வர் செய்த நிறுவனங்கள் எதிர்த்திசையில் போயின. ரக் அலுமாரியில் ஒரு தட்டின் உயரம் 44.45 மில்லிமீற்றர். அதற்குள் 40 மில்லிமீற்றர் ஃபான்தான் போகும். அதை நிமிடத்துக்குப் பத்தாயிரம் தரத்துக்கும் மேலே சுற்றினார்கள். இடம் மிச்சம், சத்தம் பற்றிக் கவலை இல்லை, ஏனென்றால் அந்த அறையில் யாரும் இருப்பதில்லை. வீட்டுக்கென்று விற்கிற ஹொட் ஸ்வொப் கூட்டின் சின்ன ஃபான் அந்தச் சிந்தனையின் கடைசித் தம்பி.

சத்தம் மனிசருக்கு மட்டும் பகை இல்லை, வன்தட்டுக்கும்தான். 2008 கடைசியில் சன் நிறுவனத்தில் வேலை செய்த பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த வன்தட்டுகளுக்கு முன்னால் நின்று பலமாகக் கத்தினார். தட்டுகள் பதில் சொல்லும் நேரம் உடனே எகிறியதைத் திரையில் வீடியோவாகக் காட்டினார். 2016 செப்டெம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு நிலையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. வாயு பீறிட்டு வந்த சத்தத்தில் வன்தட்டுகள் பழுதாகி, வங்கியின் சேவைகள் பல மணித்தியாலங்கள் நின்றன. தலை தட்டுக்கு மேலே மிதக்கும் இடைவெளி அவ்வளவு சின்னது. ஆகவே ஃபானின் அதிர்வையும் பக்கத்துத் தட்டின் அதிர்வையும் கூடு எப்படித் தாங்குகிறது என்பதும் முக்கியம்.

வீட்டுக்குள் வந்த கதை

2005 இல் ஃபிரீநாஸ், அன்ரெய்ட் என்ற இரண்டு மென்பொருள்கள் வந்தன. பழைய கணினியை வீட்டுச் சேர்வராக மாற்றலாம் என்றாயிற்று. 2007 இல் மைக்ரோசொஃப்ட் வீட்டுச் சேர்வருக்கென்றே ஒரு விண்டோஸ் வெளியிட்டது. நிறுவனத்து அறையில் இருந்த சாமான் இருக்கையறைக்கு வந்தது.

அதே 2000களின் தொடக்கத்தில் இன்னொரு கூட்டத்தினர் சத்தமில்லாத கணினிக்காக மெனக்கெட்டுக் கொண்டிருந்தார்கள். வன்தட்டை இலாஸ்ரிக் பட்டியில் தொங்கவிட்டார்கள். அதிர்வு பெட்டிக்குப் போகாது, உறுமல் நின்றுவிடும். வன்தட்டுச் செய்கிறவர்களும் உதவினார்கள். குண்டுப் போதிகைக்குப் பதிலாகத் திரவத்தில் சுழலும் போதிகை 2000களின் தொடக்கத்தில் சாதாரண வன்தட்டுகளுக்கு வந்தது. பழைய வன்தட்டின் அந்தக் கீச்சுச் சத்தம் அதோடு போனது. ஆனால் இலாஸ்ரிக்கும் லாச்சியும் ஒத்துவராது. தொங்குகிற தட்டை இழுத்து மாற்ற முடியாது. லாச்சியில் இறுகப் பிடித்த தட்டின் அதிர்வு பெட்டி முழுக்கப் பரவும். ஒன்று வேண்டுமென்றால் மற்றதில் கொஞ்சம் விட வேண்டும்.

இந்த இழுபறிக்கு நல்ல விடையொன்றை 2010 இல் வந்த எச்பி மைக்ரோ சேர்வர் தந்தது. சின்னப் பெட்டி, கதவைத் திறந்தால் நாலு லாச்சி, பின்னால் மெதுவாகச் சுற்றும் ஒரு 120 மில்லிமீற்றர் ஃபான். பார்த்தால் ஹொட் ஸ்வொப் போல இருக்கும், ஆனால் நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும். சின்ன ஒஃபிசுக்கு அது போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நிற்காமல் மாற்றும் வசதியை விட்டார்கள், லாச்சியின் ஒழுங்கை வைத்துக்கொண்டார்கள், அமைதியும் கிடைத்தது.

எவ்வளவு சூடு கூடுதல்?

2007 இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோரும் நினைத்தது போலச் சூடு கூடக்கூடப் பழுது கூடவில்லை. நடுத்தரமான சூட்டில் மற்றக் காரணங்கள்தான் முக்கியமாகத் தெரிந்தன. மிகக் கூடிய சூட்டிலும், மூன்று நாலு வருடம் பழகிய தட்டுகளிலும்தான் சூட்டின் பாதிப்புத் தெரிந்தது. 2011 இல் மைக்ரோசொஃப்ட்டின் தரவு நிலையங்களை வைத்துச் செய்த ஆய்வு, சூட்டுக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு இருக்கிறது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எங்களுக்கு ஒரு நடுவழி கிடைக்கிறது. 38 பாகையா 43 பாகையா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. ஆனால் 50 ஐத் தாண்ட விடக் கூடாது. கன வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 60 பாகை.

இங்கே எங்கட காலநிலை கணக்குக்குள் வருகிறது. ஐரோப்பாவில் இருந்து எழுதுகிறவருக்கு அறை 20 பாகை. அவரின் கூடு அறையை விடப் பதினெட்டுப் பாகை கூடினாலும் 38 தான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ பகலில் ஏசி இல்லாத அறை 30 க்கு மேலே. அதே கூடு இங்கே 49. ஆகவே பிற நாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலையை அப்படியே எடுக்காதீங்கோ. அறையை விட எத்தனை பாகை கூடியது என்று மட்டும் பாருங்கோ. எங்களுக்கு அது பன்னிரண்டுக்குள் இருந்தால் நல்லம்.

அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஐந்து வன்தட்டு, ஒன்று 6 வோட் என்றால் மொத்தம் 30 வோட். அந்தச் சூட்டைக் காற்று 5 பாகை மட்டும் சூடாகி எடுத்துச் செல்ல, செக்கனுக்கு 5 லீற்றர் காற்றுப் போதும். மெதுவாகச் சுற்றும் ஒரு 120 மில்லிமீற்றர் ஃபான் தடையில்லாத இடத்தில் அதை விடக் கூடவே தள்ளும். ஆகவே காற்றுக்குப் பஞ்சமில்லை, அதன் வழிதான் சிக்கல். அந்தக் காற்றைத் தட்டுகளுக்கிடையில் போக வைப்பதுதான் வேலை.

அப்ப என்ன வாங்கிறது?

முதலில், நிற்காமல் மாற்றுவது உண்மையில் தேவையா என்று யோசியுங்கோ. வங்கிக்குத் தேவை. வீட்டில் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றும் குறையாது. கூடு எங்களுக்குத் தரும் பெரிய நன்மை வேறு: பழுதான தட்டை அடையாளம் கண்டு, வயர்களில் கை வைக்காமல், சரியான தட்டைக் கழற்றலாம். அதற்கு ஒவ்வொரு லாச்சியிலும் தட்டின் தொடர் இலக்கத்தை எழுதி ஒட்டினால் போதும். ஓடும்போதே மாற்றத்தான் வேண்டும் என்றால், தாய்ப்பலகையின் அமைப்புகளில் அந்தந்தச் சாட்டா வாயிலுக்கு ஹொட் பிளக் என்பதை இயக்க வேண்டி வரலாம்.

வாங்க முன்னம் கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. முன்னால் இருந்து பின்னால் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவுதான் காற்றும் போகும். ஐந்து தட்டுக் கூட்டை விட நாலு தட்டுக் கூடு நல்லம். ஃபான் வழக்கமான அளவில் இருக்கிறதா, கழற்றி வேறு போடலாமா என்று பாருங்கோ. 120 மில்லிமீற்றர் என்றால் மிக நல்லம். வெறும் லாச்சிகளை எடுத்து வீசாதீங்கோ. ஓட்டை இருந்தால் காற்று இலகுவான அந்த வழியால் போய்விடும், தட்டுகளுக்குப் போகாது. கூட்டைச் சுற்றியுள்ள இடுக்குகளையும் ரேப் போட்டு அடையுங்கோ. காசில்லாமல் இரண்டு மூன்று பாகை குறைக்கிற வேலை அது.

ஃபானின் வேகத்தை வன்தட்டின் சூடு தீர்மானிக்க வேண்டும். தாய்ப்பலகைக்குப் பொதுவாகச் செயலியின் சூடுதான் தெரியும், வன்தட்டின் சூடு தெரியாது. அதனால்தான் செயலி சும்மா இருக்கும்போது ஃபான் படுத்துவிடும், தட்டுகள் வேகும். 2020 இல் வந்த லினக்ஸ் 5.6 இலிருந்து வன்தட்டின் சூட்டை மற்றச் சூட்டுமானிகள் போலவே வாசிக்கும் வசதி இருக்கிறது. அதை ஃபான் கட்டுப்பாட்டோடு இணைத்துவிட்டால், இரவில் ஃபான் தானாக மெதுவாகும், பகல் வெக்கையில் கூடும். நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றும் தட்டுகள் 7200 சுற்றுவதை விடக் குளிர்மையும் அமைதியும். படம் பார்க்கவும் ஆவணம் வைக்கவும் அது தாராளம்.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். தட்டுச் சுற்றத் தொடங்கும் அந்தச் சில செக்கன்களில் 12 வோல்ற்றில் 2 அம்பியர் வரை இழுக்கும். ஐந்தும் ஒன்றாகத் தொடங்கினால் 120 வோட். மலிவான மாற்று வயர்களில், அதுவும் பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்த பிளக்குகளில், இது எரிந்து போன சம்பவங்கள் உண்டு. மின்வழங்கியிலிருந்து நேரே வரும் வயரைக் கொடுங்கோ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சின்ன யூபிஎஸ் வைத்து, கறண்ட் போனதும் சேர்வர் தானாக ஒழுங்காக நிற்கும்படி செய்யுங்கோ. பெட்டியைப் பூட்டிய அலுமாரிக்குள் வைக்காதீங்கோ. காலடியில் தடித்த ரப்பர் வைத்தால் மேசை உறுமாது. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

நிற்காததும் தொலையாததும்

இந்த வரலாற்றில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரன்டெமும், ரெய்ட்டும், ஹொட் ஸ்வொப் கூடும் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: வேலை நிற்காமல் இருப்பது எப்படி? எங்கட கேள்வி வேறு. எங்கட பதிவுகள் தொலையாமல் இருப்பது எப்படி? இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏமாறக் கூடாது. ஒரு தட்டுப் பழுதானால் ரெய்ட் காப்பாற்றும். தவறுதலாக அழித்தால் எல்லாத் தட்டிலும் ஒன்றாக அழியும். வெள்ளம் வந்தால், களவு போனால், தீப்பிடித்தால் நாலு தட்டும் ஒரே கூட்டில்தான் இருக்கும்.

ஒரே கட்டடத்தில் எல்லாம் இருந்தால் என்ன நடக்கும் என்பது எங்கட சமூகத்துக்குப் புதிதல்ல. 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகள் உட்பட, வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதோடு போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருபது வருடமாகச் செய்து வருவதன் பயன், ஒரு பிரதி ஒரே ஊரில் தங்காமல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்வது.

ஆகவே எங்கட ஆலோசனை இதுதான். விலை கூடிய ஐந்து தட்டு ஹொட் ஸ்வொப் கூட்டுக்கு வைத்திருக்கும் காசில், காற்றோட்டமான எளிய நாலு தட்டுக் கூட்டையும் ஒரு நல்ல 120 மில்லிமீற்றர் ஃபானையும் வாங்குங்கோ. மிச்சக் காசோடு கொஞ்சம் சேர்த்து இன்னொரு வன்தட்டு வாங்கி, முக்கியமானதை எல்லாம் அதில் பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கிற மாமி வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ கொண்டு போய் வையுங்கோ. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அதை எடுத்துப் புதுப்பியுங்கோ. அந்தத் தட்டு நிமிடத்துக்கு ஒரு தரமும் சுற்றாது, சூடாகாது, சத்தம் போடாது.